மூத்தவர் என்னும் இளையவர்: நார்வேஜிய மொழியில் பெயரடையின் உறழ்நிலை

நார்வேஜிய மொழியில் ‘கம்மெல் டாமெ’ என்பது வயது முதிர்ந்த மூதாட்டியைக் குறிக்கும். ‘எல்ட்ரெ டாமெ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவரினும் முதிர்ந்த ஒருவரைக் குறிக்க வேண்டும். ஏனெனில் ‘எல்ட்ரெ’ என்பது ‘கம்மெல்’ என்னும் பெயரடையின் ஒப்பீட்டு வடிவமே. வழக்கிலோ இரண்டாமவரே இளையவர். அவர் நடுவயதைக் கடந்தவர், ஆனால் கிழப்பருவம் எய்தியவர் என்று துணிந்து சொல்ல முடியாதவர். மறுமுனையிலும் இதே நிலைதான்: ‘உங்’ என்றால் இளைய, ‘இங்ரெ’ என்றால் அதனினும் இளைய என்றிருக்க, ‘இங்ரெ’ எனப்படும் ஆடவர் ‘உங்’ எனப்படுபவரைவிட வயதில் கூடியவராகவே எண்ணப்படுகிறார். ஒப்பீட்டு விகுதி ஏறிய சொல், ஏறாத சொல்லைவிடக் குறைந்த அளவைக் குறிக்கும் இந்த முரணைப் பாடநூல்கள் சிறப்பு வழக்கு என்று ஓரிரு வரிகளில் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆனால் இந்த வடிவம் பண்பின் மிகுதியைச் சொல்வது அன்று, ஓர் அளவுகோலின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள உறவைச் சொல்வது என்று கொண்டால், விலக்காகத் தோன்றுவதே அதன் இயல்புக்கு நெருங்கிய வழக்கு என்பது புலப்படும்.

தமிழில் பெயரடைக்கு இத்தகைய விகுதி இல்லை. ‘பெரிய’ என்னும் சொல் யானைக்கும் எறும்புக்கும் ஒரே வடிவில் நிற்க, ஒப்பீட்டின் சுமை முழுவதையும் ஒப்பிடப்படும் மற்றொரு பொருளின் மேல் ஏறும் ‘விட’, ‘காட்டிலும்’, ‘இனும்’ போன்ற உருபுகளே தாங்குகின்றன. ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றாக இதைக் கண்ட தமிழ் இலக்கண உரை மரபு, இரு பொருள்கள் ஒத்திருப்பதை உவமப்பொரு என்றும், ஒன்று மற்றொன்றின் மிக்கோ வேறுபட்டோ நிற்பதை உறழ்பொரு என்றும் பிரித்தது. அப்பிரிவையொட்டி, பெயரடை வேறுபாடு எதுவும் இன்றி நிற்கும் வடிவத்தை இயல்புநிலை என்றும், இரண்டனுள் ஒன்றை மேலாகக் காட்டும் வடிவத்தை உறழ்நிலை என்றும், ஒரு தொகுதியின் முனையில் நிறுத்தும் வடிவத்தை உச்சநிலை என்றும் இக்கட்டுரை வழங்குகிறது.

ஒலிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு சொல் தேவை. ‘இ’, ‘எ’ ஆகிய உயிர்களை இதழ் குவித்து ஒலித்தால் கிடைக்கும் இரண்டு உயிரொலிகள் நார்வேஜியத்தில் உண்டு; தமிழில் அவற்றுக்கு எழுத்தில்லாமையால் இங்கே வெறும் இகர எகரங்களாகவே எழுதப்படுகின்றன. இதனால் ஒலியின் நுட்பம் சிறிது இழக்கப்பட்டாலும், வாயின் பின்பகுதியில் பிறக்கும் உயிர் முன்பகுதிக்கு நகர்வது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்பதால் இழப்பினும் பயன் மிகுதி.

ஒழுங்கான வடிவங்களை விரைவில் சொல்லிவிடலாம். நார்வேஜியத்தின் இரண்டு எழுத்துமொழிகளுள் பெரும்பான்மையோர் எழுதும் பூக்மோலில் உறழ்நிலை ‘எரெ’ என்றும் உச்சநிலை ‘எஸ்ட்’ என்றும் முடியும். நேர்த்தியான என்று பொருள்படும் ‘ஃபீன்’ என்பது ‘ஃபீனெரெ’, ‘ஃபீனெஸ்ட்’ என்றாகும். இறுதி அசையில் வலுவற்ற எகரம் உள்ள சொற்கள் அதை உதிர்த்துவிடுவதால், அழகிய என்னும் ‘வக்கெர்’ ‘வக்ரெரெ’ ஆகிறது, எளிய என்னும் ‘எங்கெல்’ ‘எங்க்லெரெ’ ஆகிறது. முக்கியமான என்னும் ‘விக்டி’ எழுத்தில் ககரத்தில் முடிந்தாலும் பேச்சில் அது ஒலிக்காது. உச்சநிலையிலோ எகரம் இல்லாமல் வெறும் ‘ஸ்ட்’ மட்டும் சேர்வதால், உறங்கிக் கிடந்த அந்த மெய் விழித்துக்கொண்டு ‘விக்டிக்ஸ்ட்’ என ஒலிக்கிறது.

மொழி பயில்வோர்க்கு இதனினும் வியப்பளிப்பது வேறொன்று. இயல்புநிலைப் பெயரடை தான் தழுவும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவது: பெரிய கார் என்பதில் ‘ஸ்டூர்’, அஃறிணைப்பால் எனத்தக்க மூன்றாம் பாலைச் சேர்ந்த வீடு என்னும் பெயருக்கு முன் ‘ஸ்டூர்ட்’, பன்மையில் ‘ஸ்டூரெ’. உறழ்நிலையான ‘ஸ்டெர்ரெ’ மட்டும் எந்தப் பெயருக்கு முன்னும், ஒருமையிலும் பன்மையிலும், அசையாமல் நிற்கிறது. அளவில் கூடிய சொல்லுக்கு இலக்கணச் சுமை குறைந்திருப்பது தற்செயல் அன்று. நார்வே, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் இடைக்காலத்தில் எழுதப்பட்ட பழைய நார்ஸ் மொழியில் பெயரடைகளுக்கு வன்திரிபு, மென்திரிபு என இரண்டு வேற்றுமைத் தொகுதிகள் இருந்தன. அவற்றுள் வடிவ வேறுபாடுகள் குறைந்த மென்திரிபை மட்டுமே உறழ்நிலை ஏற்றது. அதன் இறுதியில் அன்று எஞ்சியிருந்த இகர அகர வேறுபாடும் பிற்காலத்தில் மங்கி எகரமாகக் கலந்துவிடவே, இணங்குவதற்கென ஓர் உறுப்பும் இல்லாத சொல்லாக அது உறைந்துவிட்டது. வன்திரிபையும் ஏற்றிருந்த உச்சநிலை இன்றும் ‘ஸ்டெர்ஸ்ட்’ என வெறுமையாகவும், ‘ஸ்டெர்ஸ்டெ’ என எகரம் ஏற்றும் வருகிறது.

விகுதிகளின் வரலாறு இன்னும் தொலைவுக்குச் செல்கிறது. ஜெர்மானிய மொழிகள் அனைத்துக்கும் மூலமாக மீட்டுருவாக்கப்படும் மொழியில் உறழ்நிலைக்கு ‘இஸ்’, ‘ஓஸ்’ என இரண்டு விகுதிகள் இருந்தன. அவற்றின் இறுதி ஒலி, தேனீயின் ரீங்காரம்போல் அதிர்வுடன் ஒலிக்கும் சகரம். நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா மொழிபெயர்த்த விவிலியத்தின் வழியாகக் கிடைக்கும் கோதிக் மொழியில் அந்த ஒலி இன்னும் மாறவில்லை. இன்னும் நல்ல என்பதற்கு அங்கே ‘பட்டிஸா’ என்று காண்கிறோம். வடக்கத்திய மொழிகளில் அது ரகரமாகத் திரிந்தது, ‘பட்டிஸா’வின் உறவான நார்வேஜியச் சொல் ‘பேட்ரெ’ ஆயிற்று. உச்சநிலையில் அடுத்து வந்த மெய் அந்தச் சகரத்தைக் காத்தமையால் ‘பெஸ்ட்’ என்பதில் அது இன்றும் கேட்கிறது. ஒரே விகுதியின் ஒலி ஒரு சொல்லில் ரகரமாகவும் மற்றொன்றில் சகரமாகவும் நிற்பதற்கு இதுவே காரணம்.

இந்த விகுதியைத் தமிழர் அறியாதவர் அல்லர். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கிழக்குக் கிளையான சமஸ்கிருதத்தில் இதே உச்சநிலை விகுதி ‘இஷ்ட’ என்னும் வடிவில் உள்ளது. ஜேஷ்ட, கனிஷ்ட, பாபிஷ்ட, சிரேஷ்ட ஆகிய சொற்கள் எல்லாம் அதைத் தாங்கியவை. வசிஷ்டர் என்னும் முனிவரின் பெயரும் அவ்வகையினதே. இலங்கையின் அலுவலகத் தமிழில் சிரேஷ்ட விரிவுரையாளர் என்று எழுதுபவரும், ஒஸ்லோவில் ஒன்றைப் ‘பெஸ்ட்’ என்று பாராட்டுபவரும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த ஒரே விகுதியையே கையாள்கின்றனர். சிரேயஸ் என்னும் சொல்லில் உள்ள உறழ்நிலை விகுதிக்கும் நார்வேஜிய ரகரத்துக்கும் இடையே உள்ள உறவும் அத்தகையதே, ஒலித்திரிபு மிகுந்தமையால் காதுக்கு எட்டுவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

ஜெர்மானிய விகுதிகள் இரண்டனுள் ‘இஸ்’ என்பது தனக்கு முன் இருந்த உயிரையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த அசையில் இகரம் வரப்போவதை எதிர்நோக்கி நாக்கு முன்கூட்டியே முன்னே நகர்வதால், வேர்ச்சொல்லின் பின்னுயிர் முன்னுயிராகத் திரிவதை மொழியியலார் உம்லாவுட் என்பர். உயிர் முன்னிழுப்பு எனத் தமிழில் சொல்லலாம். நீண்ட என்னும் ‘லங்’ என்பது ‘லெங்ரெ’ ஆவதும், இளைய என்னும் ‘உங்’ ‘இங்ரெ’ ஆவதும், கனமான என்னும் ‘துங்’ ‘திங்ரெ’ ஆவதும், ‘ஸ்டூர்’ ‘ஸ்டெர்ரெ’ ஆவதும் இதன் விளைவுகள். திரிபை விளைவித்த இகரம் பின்னர்த் தேய்ந்து மறைந்துவிட, குற்றவாளி அகன்றபின் எஞ்சும் தடயம்போல் மாறிய உயிர் மட்டும் நின்றது. ‘இங்ரெ’ என்பதுகூட நேர்வழியில் வந்த வடிவம் அன்று. பழைய நார்ஸில் அதற்கு இணையாக ‘ஏரி’ என்னும் தொன்மையான வடிவமும் வழங்கியது. இயல்புநிலையான ‘உங்’குடன் ஒட்டும் தோற்றமுடைய புதிய வடிவம் அதை வெளியேற்றிவிட்டது.

‘ஓஸ்’ என்னும் மற்ற விகுதியில் இகரம் இல்லாமையால் அது வேருயிரைத் தொடவில்லை. இந்த இரண்டு விகுதிகளின் வேறுபாடு பூக்மோலில் மங்கலாகவும் மற்றோர் எழுத்துமொழியான நீநொர்ஸ்கில் தெளிவாகவும் தெரிவதற்குப் பின்னால் நாட்டின் அரசியல் வரலாறு இருக்கிறது. 1814 வரை டென்மார்க்குடன் இணைந்திருந்த நார்வேயில் எழுத்துமொழி டேனிஷ் ஆகவே இருந்தது. சொல்லிறுதி உயிர்கள் எல்லாம் எகரமாகத் தேய்ந்துபோன அம்மொழியைப் படிப்படியாக நார்வேஜியமாக்கியதன் விளைவே பூக்மோல் என்பதால், ‘ஓஸ்’ விகுதியின் பழைய நார்ஸ் வடிவமான ‘அரி’யும் அதில் ‘எரெ’ என்றே எழுதப்படுகிறது. விவசாயக் குடும்பத்தில் பிறந்து மொழியியலைத் தானே கற்றுத் தேர்ந்த ஈவார் ஓசென், நாட்டின் வட்டாரப் பேச்சுகளை ஊர் ஊராகச் சென்று திரட்டி, 1848இல் மக்கள்மொழியின் இலக்கணத்தையும் 1864இல் அதன் விரிந்த திருத்தப் பதிப்பையும் வெளியிட்டபோது, முழுமையான உயிர்களைக் காத்துவந்த வட்டார வழக்குகளுக்கு முதன்மை தந்தார். அதனால் நீநொர்ஸ்கில் ‘ஃபீனரெ’, ‘ஃபீனஸ்ட்’ என அகரம் நிலைபெற்றது. உயிர் முன்னிழுக்கப்பட்ட ‘ஸ்டெர்ரெ’ அவ்வாறே நின்றது. நாடாளுமன்றம் 1885இல் இரண்டு மொழிகளுக்கும் சம நிலை வழங்கியது. ஒரே பள்ளியில் ஒரே மாணவர் இரண்டு விகுதிகளையும் எழுதக் கற்க வேண்டியிருப்பதை நார்வேயில் பலர் சுமையாகக் கருதினாலும், வரலாற்று மொழியியலை நோக்குபவர்க்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைப்பது அரிது.

மிகுதியாக வழங்கும் சொற்கள் எந்த விகுதி விதிக்கும் முழுதாக அடங்குவதில்லை. நல்ல என்னும் ‘கூ’ என்பதன் உறழ்நிலை ‘பேட்ரெ’, சிறிய என்னும் ‘லீட்டென்’ என்பதற்கு ‘மின்ட்ரெ’, பல என்னும் ‘மங்ஙெ’ என்பதற்கு ‘ஃப்ளேரெ’, வயதான என்னும் ‘கம்மெல்’ என்பதற்கு ‘எல்ட்ரெ’. இவற்றில் உறழ்நிலை வேறொரு வேரிலிருந்து இரவல் பெறப்பட்டுள்ளது. இதனை வேர்மாற்றம் எனலாம். ‘பேட்ரெ’ என்பது ஈடு, பரிகாரம் ஆகிய பொருள்களையுடைய ‘பூட்’ என்னும் சொல்லின் உறவு. ‘மின்ட்ரெ’ லத்தீன் மொழியில் குறைவைக் குறித்த சொல்லோடும், ‘ஃப்ளேரெ’ அம்மொழியில் மிகுதியைக் குறித்த சொல்லோடும் தொடர்புடையவை. ‘எல்ட்ரெ’ வயது என்னும் ‘ஆல்டெர்’ என்பதன் குடும்பத்தது. இதே வேரிலிருந்து ஆங்கிலமும் ஜெர்மனும் இயல்புநிலைச் சொல்லையும் வைத்திருக்க, வடக்கத்திய மொழிகள் அவ்விடத்தில் ‘கம்மெல்’ என்பதை அமர்த்திவிட்டு உறழ்நிலையில் மட்டும் பழைய வேரைத் தொடர்ந்தன.

வேர்மாற்றம் ஒழுங்கின்மையின் உச்சம் என்று தோன்றினாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மொழியியலாளர் ஜானதன் பொபல்ஜிக், முந்நூறுக்கு மேற்பட்ட மொழிகளின் தரவுகளைக் கொண்டு 2012இல் வெளியிட்ட நூலில், உறழ்நிலைக்கு மட்டும் வேர் மாறி உச்சநிலையில் மீண்டும் முதல் வேருக்கே திரும்பும் மொழி கிடைப்பதில்லை எனக் காட்டினார். நார்வேஜியத்தில் ‘கூ, பேட்ரெ, பெஸ்ட்’ என இரண்டாம் வேர் மூன்றாம் படியிலும் தொடர்கிறது. லத்தீனில் நல்ல என்பதற்கு மூன்று படிகளுக்கும் மூன்று வேர்கள் உள்ளன. இரண்டுமே இயலும், நடுவில் மட்டும் விலகித் திரும்புவது இயலாது. உச்சநிலை என்பது உறழ்நிலைக்கு இணையாக நிற்கும் வடிவம் அன்று, அதை உள்ளடக்கியே அமையும் வடிவம் என்பது அவர் தரும் விளக்கம். அனைவரினும் மூத்தவர் என்பதில் ‘இனும்’ முதலில் வருவதை இயல்பாகக் கருதும் தமிழ்க் காதுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

எல்லாப் பெயரடைகளும் விகுதி ஏற்பதில்லை. ‘இஸ்க்’ என முடியும் ‘பிரக்டிஸ்க்’ போன்றவையும், வினையிலிருந்து பிறந்த எச்ச வடிவங்களும், நீண்ட அயற்சொற்கள் பலவும் ‘மேர்’ என்னும் தனிச்சொல்லை முன்னே கொண்டு உறழ்நிலையையும், ‘மெஸ்ட்’ என்பதைக் கொண்டு உச்சநிலையையும் காட்டும். விகுதிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே உள்ள வேறுபாடு நீளத்தைப் பற்றியது மட்டும் அன்று. ஒருவன் மற்றொருவனைவிட மூடன் எனில் ‘டும்மெரெ’ என விகுதி வரும். ஒருவனே தீயவன் என்பதைவிட மூடன் என்று சொல்வதே பொருந்தும் எனில், ‘டும்’ என்னும் அதே குறுஞ்சொல்லுக்கு முன் ‘மேர்’ வர வேண்டும். முதலாவதில் ஒரே அளவுகோலில் இரண்டு ஆட்கள் நிற்கின்றனர். இரண்டாவதில் ஓர் ஆளுக்கு எந்த அளவுகோல் தகும் என்பதே கேள்வி. விகுதி அளவுகோலோடு பிணைந்தது, அளவுகோல் மாறும் இடத்தில் அது பயன்படாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

ஒப்பிடப்படும் மற்றப் பொருளை அறிமுகப்படுத்துவது ‘என்’ என்னும் இடைச்சொல். தமிழில் ‘என்’ தன்னைக் குறிப்பது, நார்வேஜியத்தில் அதுவே பிறரோடு உறழ்வதற்கு வழிவிடுவது என்பது வெறும் ஒலி விளையாட்டுதான். ஒப்புமை சமமாயின் இந்தச் சொல் வராது, ‘சொம்’ என்னும் வேறு சொல் வரும். உவமப்பொருவையும் உறழ்பொருவையும் பிரித்த தமிழ் உரையாசிரியர்களின் கோடு இங்கே இரண்டு இடைச்சொற்களாக நிற்கிறது. பழைய நார்ஸில் இடைச்சொல்லே இல்லாமல், ஒப்பிடப்படும் பெயரைக் கொடைப்பொருளுக்குரிய வேற்றுமையில் நிறுத்தியே எந்த மனிதனினும் சிறந்தவன் என்று சொல்ல முடிந்தது. வேற்றுமை உருபுகள் உதிர்ந்தபின் அந்த வழி அடைபட்டு ‘என்’ மட்டுமே எஞ்சியது.

அந்த உதிர்வின் எச்சமாக ஒரு சச்சரவு இன்றும் தொடர்கிறது. நான் என்னும் தன்மைப் பெயர் எழுவாயாக ‘யெய்’ என்றும் செயப்படுபொருளாக ‘மெய்’ என்றும் வரும். என்னைவிட மூத்தவர் என்பதை ‘எல்ட்ரெ என் யெய்’ என்று எழுதுவதா, ‘எல்ட்ரெ என் மெய்’ என்று எழுதுவதா என்பதே சிக்கல். ‘என்’ ஒரு முழு வாக்கியத்தைத் தொடங்கும் இணைப்புச்சொல் எனின் அதன் பின் எழுவாய் வர வேண்டும். பெயரை ஆளும் முன்னிடைச்சொல் எனின் செயப்படுபொருள் வடிவமே சரி. பழைய எழுத்து மரபு முதலாவதையும் அன்றாடப் பேச்சு பெரும்பாலும் இரண்டாவதையும் சார்ந்து நிற்க, இன்று இரண்டும் ஏற்கப்படுகின்றன. சில வேளைகளில் இந்தத் தேர்வே பொருளைத் தீர்மானிக்கும்: அவள் அவனை ‘பேட்ரெ’ விரும்புகிறாள் என்னும் வாக்கியத்தின் இறுதியில் ‘என் யெய்’ வந்தால் நான் அவனை விரும்புவதைவிட என்றும், ‘என் மெய்’ வந்தால் அவள் என்னை விரும்புவதைவிட என்றும் ஆகும்.

‘என்’ வராமல் உறழ்நிலை தனித்து நிற்கும் இடத்தில்தான் தொடக்கத்தில் கண்ட ‘எல்ட்ரெ டாமெ’ மீண்டும் வருகிறார். இலக்கணிகள் இதனைத் தனி உறழ்நிலை என்பர். இதில் ஒப்பிடப்படும் ஆள் எவரும் இல்லை என்று சொல்வது எளிது. ஆனால் ஒப்பீடு மறைந்துவிடவில்லை, வாக்கியத்தில் பெயர் சொல்லப்படாத ஒரு நடு அளவோடு அது நிகழ்கிறது. ‘எல்ட்ரெ’ என்பது அந்த நடுப்புள்ளிக்கு அப்பால் என்று மட்டுமே சொல்கிறது. முதுமை தொடங்கும் இடத்தை எட்டிவிட்டதாக அது உறுதியளிப்பதில்லை. மூன்று மாதக் குழந்தையைவிட ஆறு மாதக் குழந்தை ‘எல்ட்ரெ’ என்று சொல்லும்போது எவரும் முதுமையை நினைப்பதில்லை அல்லவா. அந்தச் சொல் என்றுமே முதுமையைத் தன்னுள் கொண்டிருந்ததில்லை. ஆகவே, முதுமையை நேராகச் சாற்றும் ‘கம்மெல்’ அதனினும் வலியதாக நிற்பதில் முரண் ஏதுமில்லை. நாகரிகம் கருதி ‘கம்மெல்’ என்பதைத் தவிர்ப்பவர்க்கு இந்தத் தெளிவின்மையே வாய்ப்பாகிறது. நார்வே அரசின் முதியோர் பராமரிப்புத் துறைச் சொற்கள் பல ‘எல்ட்ரெ’ என்றே தொடங்குகின்றன.

இந்த வழக்கு அளவுகளைக் குறிக்கும் சொற்களில் செழித்தும் மற்றவற்றில் அருகியும் காணப்படுகிறது. ‘ஸ்டெர்ரெ’ விபத்து என்றால் ஓரளவு பெரிய விபத்து. ‘மின்ட்ரெ’ தொகை என்றால் அவ்வளவு பெரிதல்லாத தொகை. ‘லெங்ரெ’ உரை என்றால் சற்று நீண்ட உரை. ‘பேட்ரெ’ விருந்து என்றால் வழக்கமானதைவிட ஒரு படி மேலான, மேசை விரிப்பு விரித்த விருந்து. சினம் கொண்ட என்பது போன்ற மனநிலைச் சொற்களை இவ்வாறு தனியே நிறுத்தினால் கேட்பவர் யாரைவிட என்று கேட்பார், ஏனெனில் அவற்றுக்கு எல்லோரும் ஒப்பும் நடு அளவு கிடையாது. ஜெர்மனும் ஸ்வீடிஷும் இவ்வழக்கில் நார்வேஜியத்துக்குத் தோழர்கள்.

தீமையைக் குறிக்கும் சொற்களில் நிலை வேறு. அங்கே மொழி இரண்டு உறழ்நிலைகளை வைத்துக்கொண்டு பொறுப்பைப் பங்கிட்டுள்ளது. ‘டோர்லியெரெ’ என்றால் தரத்தில் குறைந்த என்று மட்டுமே பொருள், இரண்டு நல்ல மாணவர்களுள் ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டும் அவ்வாறு சொல்லலாம். ‘வெர்ரெ’ என்று சொன்னால் இருவருமே மோசம், இவர் கூடுதல் மோசம் என்றாகும். ‘பேட்ரெ’ இதற்கு நேர் எதிர். நோயாளி ‘பேட்ரெ’ என்று மருத்துவமனையில் சொல்லக் கேட்பவர் அவர் குணமாகிவிட்டார் என்று கொள்வதில்லை. ‘வெர்ரெ’ மட்டும் தன் இயல்புநிலையின் பழியைச் சுமந்து செல்கிறது. உச்சநிலையான ‘வெர்ஸ்ட்’ எதிர்மறையோடு சேர்ந்து ‘இக்கெ வெர்ஸ்ட்’, அதாவது மிக மோசமானது அன்று, என வரும்போது அது நல்ல பாராட்டு. உரத்த புகழ்ச்சியைக் கூச்சத்தோடு பார்க்கும் அந்நாட்டுப் பேச்சில் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் பொருந்தாது.

எண்ணிக்கைச் சொல்லான ‘ஃப்ளேரெ’ இதே போக்கில் இன்னும் தொலைவு சென்றுவிட்டது. ‘என்’ உடன் வந்தால் அதைவிடப் பல. தனித்து வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட, சில பல. சமையற்காரர்கள் மிகுந்தால் சிந்துவதும் மிகும் என்னும் பழமொழியில், ‘யூ ஃப்ளேரெ… யூ மேர்…’ என இரண்டு உறழ்நிலைகள் ஒன்றையொன்று இழுத்துச் செல்கின்றன. எவ்வளவு, அவ்வளவு என்னும் தமிழ் இணைக்கு இது நிகர். அதன் உச்சநிலையில் உள்ள நுட்பம் மொழிபெயர்ப்பாளர்களைத் தடுமாற வைப்பது. ஒருத்தியிடம் ‘ஃப்ளெஸ்ட்’ நூல்கள் உள்ளன எனில் மற்ற எவரிடமும் அத்தனை இல்லை என்று பொருள், நூறில் இருபது இருந்தாலும் போதும். சுட்டுச்சொல் ஏற்று ‘டி ஃப்ளெஸ்டெ’ என்று வந்தால் அந்த நூல்களில் பாதிக்கு மேல் அவளிடம் உள்ளன என்றாகிவிடும். ஒப்பிடப்படுவது முதலாவதில் ஆட்கள், இரண்டாவதில் நூல்களின் பகுதிகள். அருமையான என்னும் ‘ஷேர்’ என்பதன் உச்சநிலையோ ஒப்பீட்டையே துறந்து, காதலன், காதலி இருவருக்கும் பொதுவான ‘ஷேரெஸ்டெ’ என்னும் பெயராகிவிட்டது. எல்லோரினும் அருமையானவர் ஒருவராகத்தானே இருக்க வேண்டும் என்னும் தருக்கத்தைப் பொருட்படுத்தாமல் அதற்குப் பன்மையும் உண்டு.

இயல்புநிலையே இல்லாத உறழ்நிலைகளும் நார்வேஜியத்தில் உள்ளன, இக்கட்டுரையின் கருத்துக்கு அவையே வலுவான துணை. மேல் என்னும் ‘எவ்ரெ’, கீழ் என்னும் ‘நேட்ரெ’, உள் என்னும் ‘இன்ட்ரெ’, புறம் என்னும் ‘ஈட்ரெ’ ஆகியவை வடிவத்தில் உறழ்நிலைகள். ஆனால் அவற்றின் அடியாக அமைய வேண்டிய பெயரடைகள் இல்லை, இடத்தைக் குறிக்கும் சொற்களிலிருந்து நேரே பிறந்தவை. இவை கூடுதல் என்று சொல்வதில்லை, இரண்டில் இது என்று மட்டுமே சொல்கின்றன. தொல்லியலார் கற்காலத்தை ‘எல்ட்ரெ’ என்றும் ‘இங்ரெ’ என்றும் பகுப்பதும் இதே முறை. பிற்பகுதியை இளமையான கற்காலம் என்று எவரும் கொள்வதில்லை. ஊர்ப்பெயர்களில் திசைகள் ‘நூர்ட்ரெ’, ‘செண்ட்ரெ’ என இதே ரகர ஈற்றோடு இணைகளாக வருகின்றன. வடகரை எனத்தக்க பொருளுடைய நூர்ஸ்ட்ராண்டுக்குத் தெற்கே உள்ள ஒஸ்லோவின் நகரப்பகுதி ‘செண்ட்ரெ நூர்ஸ்ட்ராண்ட்’, அதாவது தெற்கு வடகரை, என்றே அதிகாரபூர்வமாக அழைக்கப்படுகிறது.

பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வனிஸ்ட் 1948இல் வெளியிட்ட ஆய்வில், இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் உறழ்நிலைக்கு இருந்த இரண்டு விகுதிகளுள் ஒன்று பண்பின் செறிவையும் மற்றொன்று இரண்டனுள் ஒன்றைப் பிரித்துக் காட்டுவதையும் தொழிலாகக் கொண்டவை எனப் பகுத்தார். பிரித்துக் காட்டும் விகுதி சமஸ்கிருதத்தில் ‘தர’ என வருவது. உத்தரம் என்னும் சொல்லில் அது உள்ளது. உச்சநிலை விகுதியான ‘தம’ என்பதோடு அது சேர்ந்து பிறந்த தாரதம்மியம் என்னும் சொல் தமிழிலும் வழங்குவது. நார்வேஜியத்தில் அந்த விகுதியின் எச்சம் மற்ற, இரண்டாம் என்னும் பொருள்களையுடைய ‘ஆண்ட்ரெ’ என்னும் சொல்லில் உள்ளது. இடது என்னும் ‘வென்ஸ்ட்ரெ’ என்பதிலும் அதுவே ஒளிந்திருப்பதாகக் கருதப்படுகிறது. செறிவைச் சொல்லும் விகுதியே ஜெர்மானிய மொழிகளில் வென்று இரண்டு தொழில்களையும் ஏற்றுக்கொண்டது என்றாலும், ‘எல்ட்ரெ’யும் ‘எவ்ரெ’யும் இரண்டாவது தொழிலை மறக்கவில்லை.

வலது என்னும் ‘ஹெய்ரெ’ பழைய நார்ஸில் எளிதான, வாய்ப்பான என்று பொருள்பட்ட பெயரடையின் உறழ்நிலை, அதாவது இரண்டு கைகளுள் பழக்கத்துக்கு எளிதான கை. இடது என்னும் சொல்லோ நட்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததாகப் பலர் கொள்வர். தீய பக்கத்தின் பெயரைச் சொல்ல அஞ்சி இனிய பெயரிட்டு அழைத்த மங்கல வழக்கு அது. 1884இல், அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குப் பொறுப்புடையதா என்னும் போராட்டத்தின் நடுவே நார்வேயின் முதல் இரண்டு அரசியல் கட்சிகள் அமைந்தபோது, ஒன்று ‘வென்ஸ்ட்ரெ’ என்றும் மற்றொன்று ‘ஹெய்ரெ’ என்றும் பெயர் பூண்டன. இரண்டும் இன்றும் தேர்தலில் நிற்கின்றன. வாக்குச்சீட்டில் அந்தப் பெயர்களுக்குப் பின் ‘என்’ என்னும் சொல் அச்சிடப்படுவதில்லை.